உவர்மலையில் ஒரு பொப்பிசை ஒலிப்பதிவு: திருகோணமலை நாட்குறிப்பு, ஆகஸ்ட் 2022

செவ்வாய்

கொழும்பு கோட்டையில் இரவு ரயில் ஏறினால் கல்ஓயாச் சந்தியில் பாதை பிரியும். ஒன்று மட்டக்களப்புக்குப் போகும், மற்றது விடிகிற நேரம் திருகோணமலையில் இறக்கிவிடும். ஒலிப்பதிவுச் சாமான்களோடு இந்த மாதத்தில் இங்கே வர இதைவிட நல்ல வழி கிடையாது. எரிபொருள் பங்கீட்டின் கியூஆர் முறையில் வானுக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான். தூரம் ஏறத்தாழ 260 கிலோமீற்றர். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் வான் என்றால் வந்து சேரவே 26 லீற்றர் வேண்டும், திரும்பிப் போவது அதற்கு மேலே.

ரயிலில் வருவதென்றால் இரண்டு பேர் கையில் தூக்கக்கூடிய அளவுக்குள் எல்லாம் அடங்க வேண்டும். மைக் ஓசையைக் கணினிக்குள் கொண்டுபோகும், எட்டு மைக் உள்ளீடுள்ள ஓடியோ இன்ரபேஸ் ஒன்று, மைக்குகள், கிட்டாரை மைக் இல்லாமல் நேரே இணைக்கும் டிஐ பெட்டி ஒன்று, 6 மீற்றர் மைக் வயர் பத்து, லப்டொப், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி இரண்டு, மடக்கும் ஸ்ராண்ட் நான்கு. மிச்ச ஸ்ராண்டுகளைக் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுபவர்களிடம் இங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். அமிலப் பற்றறியை ரயிலில் கொண்டுவர நினைக்கவே கூடாது, அதையும் இங்கே தேடுவதுதான் சரி. மைக்குகள் மடியிலேயே இருக்கட்டும். மேல்தட்டில் வைத்தால் இரவு முழுக்க அதிர்ந்துகொண்டே வரும்.

பதிவு செய்யப்போகும் குழுவின் பெயரை இசைத்தொகுப்பு வெளிவரும்வரை எழுதுவதில்லை என்பது பேச்சு. எழுபதுகளில் மேடையேறியவர்கள், ஆறு பேர், இளையவருக்கே அறுபது தாண்டிவிட்டது. பொப்பிசைப் பாடகர்கள் பரமேஷ் கோணேஷ் சகோதரர்களைத் தந்த ஊர் இது. ஏ. ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் இலங்கை வானொலியில் கொடிகட்டிப் பறந்த காலத்தில், அவர்களைக் கேட்டு வளர்ந்து தங்களுக்கென்று பாட்டுக் கட்டியவர்கள் இந்த ஆறு பேர். அந்தப் பாட்டுகளில் பல இன்றுவரை மேடையில் மட்டுமே இருக்கின்றன, ஒழுங்கான பதிவு இல்லை. 2019 தொடக்கத்தில் மூன்று பாட்டுப் பதிந்தார்கள். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் வந்தது, பிறகு கொரோனா, பிறகு டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனது. இனியும் தள்ளிப்போட வயது விடாது. நெருக்கடி முடியட்டும் என்று காத்திருந்தால் இந்தத் தொகுப்பு வராது என்பதே எங்கள் கணிப்பும்.

புதன்

இடம் உவர்மலையில் ஒரு பழைய வீடு. கடைத்தெருப் பக்கம் இதைவிடப் பெரிய மண்டபங்கள் கிடைத்தன, ஆனால் அங்கே மின்வெட்டு வந்தவுடன் கடைக்குக் கடை ஜெனரேற்றர் உறுமும். மின்சாரம் இல்லாத நேரம்தான் நகரத்தின் நடுவில் சத்தம் கூட. மேட்டிலே ஏறிவிட்டால் அது இல்லை. பெற்றோல் தட்டுப்பாட்டால் ஓட்டோக்களும் குறைவு. ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. சாதாரண காலத்தில் கிடைக்காத அமைதி.

அதே பங்கீடு வாத்தியக்காரர்களையும் கட்டிப்போடுகிறது. பேஸ் கிட்டார் நிலாவெளியில், கொங்கோ வாசிக்கும் நானா கிண்ணியாவில், அக்கோர்டியன் உப்புவெளியில். தினமும் வந்துபோனால் வாரம் முடிய முதலே எரிபொருள் முடிந்துவிடலாம். ஆகவே எல்லோரும் இந்த வீட்டிலேயே தங்குவதாக ஏற்பாடு. அரிசியும் சமையல் எரிவாயுவும் ஒலிப்பதிவுச் செலவுக் கணக்கில் முதல் வரியாக வர வேண்டும்.

மண்டபம் 7 மீற்றர் நீளம், 5 அகலம், பலகைத் தட்டு வரை 3.5 உயரம், சீமெந்துத் தரை. மைக் வைக்க முதல் ஒரு கணக்குப் போட வேண்டும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீற்றர் போகிறது. அறையின் ஒரு பக்க அளவை இரண்டால் பெருக்கி, அதால் அந்த 345ஐ வகுத்தால் அந்த அறை எந்த அதிர்வில் முழங்கும் என்று தெரியும். 3.5 மீற்றர் உயரத்துக்கு 49 ஹேர்ட்ஸ். 7 மீற்றர் நீளத்தின் இரண்டாவது முழக்கமும் அதே 49. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியில் மூன்றாம் கட்டை, அதாவது தாழ்ந்த ஜி சுரம், சரியாக 49 ஹேர்ட்ஸ். உயரம் நீளத்தில் பாதியாக இருக்கும் அறை எதிலும் இந்தத் தொல்லை உண்டு. குழுவின் பாட்டுகளில் பாதி ஜி மேஜரில். பேஸ் கிட்டாரின் அம்ப்ளிஃபயரை (அம்ப்) மூலையில் வைத்து அந்தச் சுரத்தை அடித்தால் யன்னல் கண்ணாடி பேசுகிறது, மற்றச் சுரங்கள் மெலிகின்றன.

பாயும் சேலையும் தொங்கவிட்டால் இது அடங்காது. அவை கைதட்டினால் வரும் எதிரொலியைத்தான் தின்னும். தும்பு மெத்தை இரண்டைச் சுவரிலிருந்து 10 சென்ரிமீற்றர் தள்ளி நிறுத்தினால் நடு அதிர்வுகள் வரை கொஞ்சம் குறையும். தாழ்ந்த முழக்கத்துக்கு மருந்து வேறு: பேஸ் கிட்டாரை டிஐ பெட்டி வழியாக நேரே இன்ரபேசுக்குள் விடுவது, அறையில் 30 வாட் அம்பை மூலையை விட்டு வெளியே இழுத்து, ஒரு கதிரையின் மேல், மற்றவர்கள் கேட்கும் அளவுக்கு மட்டும் வைப்பது. ஹெட்ஃபோன் கொடுத்தால் அம்பே வேண்டாம்தான். ஆனால் ஐம்பது வருடம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்தவர்களுக்கு ஹெட்ஃபோனை மாட்டினால் தாளம் விறைத்துப்போகும்.

அடுத்தது மின்சாரம். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் ஒரு இயந்திரம் நின்றதிலிருந்து நாளுக்கு 3 மணித்தியாலம் வரை வெட்டு, பகலில் ஒன்று, இரவில் ஒன்று. 12 வோல்ட் 100 அம்பியர்-மணி பற்றறியில் 1,200 வாட்-மணி இருக்கும் என்று பெயர். ஈயப் பற்றறியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சில மாதத்தில் செத்துவிடும், ஆகவே கையில் உள்ளது 600. இன்வேட்டர் தின்பது போக 510. லப்டொப் 50 வாட், இன்ரபேஸ் 20, கீபோர்ட் 12, பேஸ் அம்ப் 30, இரண்டு எல்ஈடி பல்ப் 18, கூட்டினால் 130. கிட்டத்தட்ட நான்கு மணித்தியாலம் ஓடும். இரண்டு வெட்டையும் தாண்டலாம். 10 அம்பியர் சார்ஜரில் திரும்ப நிரப்ப ஆறேழு மணித்தியாலம் வேண்டும் என்பதையும் அட்டவணையில் எழுதிவைக்க வேண்டும்.

இன்வேட்டர் பியூர் சைன் வகையாகவே இருக்க வேண்டும். மலிவான வகை படிக்கட்டு வடிவ அலையைத் தரும். மின்விசிறிக்கு அது போதும், கிட்டார் பிக்கப்பில் மட்டும் ரீங்காரமாகக் கேட்கும். அது பதிவில் ஏறிவிட்டால் எடுக்க வழியில்லை. இன்னொன்று: இன்ரபேசை மெயின்ஸில் ஓட்டி, வெட்டு வந்தபின் பற்றறிக்கு மாற்றலாம் என்று நினைக்கக் கூடாது. மாறும் அந்தக் கணத்தில் யூஎஸ்பி தொடர்பு அறுந்து ஓடிக்கொண்டிருக்கும் டேக், அதாவது ஒரே மூச்சில் எடுக்கும் பதிவு, நின்றுவிடும். மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்ரபேஸ் பற்றறிப் பக்கத்திலேயே கிடக்கட்டும், மெயின்ஸ் சார்ஜருக்கு மட்டும். மின்சாரம் திரும்பியதும் ஐந்து நிமிடம் பொறுத்துச் சார்ஜரைச் சொருகுவது நல்லது. முதல் நொடிகளில் வோல்ட் துள்ளும்.

கீபோர்டுக்கு இன்வேட்டர் தேவையில்லை, 12 வோல்ட் நேரடியாகப் போகும். ஆனால் பிளக்கின் துருவம் பார்க்க வேண்டும். யமஹாவில் நடு முனை நேர், பழைய காசியோக்களில் நடு முனை எதிர். சார்ஜ் ஏறும்போது பற்றறி 14 வோல்ட் தாண்டும் என்பதால் நடுவில் ஒரு 12 வோல்ட் ரெகுலேற்றர் கட்டாயம்.

வியாழன்

கச்சான் அடிக்கிறது. இந்த மாதங்களில் மேற்கிலிருந்து வரும் வரண்ட காற்று மனிதரை வாட்டுவதற்கு முதல் வாத்தியங்களை வாட்டும். கொங்கோவின் தோல் இறுகிச் சுருதி ஏறுகிறது. பின்னேரம் கடற்காற்று உள்ளே திரும்பினால் ஈரம் பட்டு அதே தோல் அரைச் சுரம்வரை இறங்குகிறது. காலையில் பதிந்த பாட்டை இரவில் தொடர்ந்தால் இரண்டு வேறு கொங்கோ போலக் கேட்கும். ஒரு பாட்டைத் தொடங்கிய காற்றிலேயே முடிப்பதுதான் வழி. இரவில் திருகாணிகளை ஒவ்வொன்றும் அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டுப் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாள் கச்சானுக்குத் தோல் வெடிக்கலாம்.

கிட்டாரின் மேற்பலகை வரண்டு உள்ளே தாழ்ந்தால் கம்பிகள் கட்டையில் உரசி இரையும். சவர்க்காரப் பெட்டியில் ஓட்டை போட்டு, பிழிந்த ஈரப் பஞ்சை வைத்து, பெட்டிக்குள் கிட்டாரோடு மூடி வைத்தால் மெல்லத் தெளியும். பஞ்சிலிருந்து தண்ணீர் சொட்டக் கூடாது.

கம்பிகள் பெரிய பிரச்சினை. இறக்குமதிப் பொருள், டொலர் விலை, கடற்காற்றில் துரு. பேஸ் கம்பிகளைக் கழற்றிக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டால் சுற்றுகளுக்கிடையில் படிந்த வியர்வையும் அழுக்கும் வெளியேறி, புதுக் கம்பியின் ஓசையில் பெரும்பங்கு திரும்பிவரும். துணியால் துடைத்து நன்றாகக் காயவிட்டே மாட்ட வேண்டும். சில நாள்தான் தாங்கும், இரண்டு மூன்று தடவைக்கு மேல் அவித்தால் முறுக்காணியடியில் அறுந்துவிடும். ஆகவே அவிப்பது டேக் எடுக்கும் நாளுக்கு முந்திய இரவில், ஒத்திகைக்கு அல்ல. மெல்லிய வெறுங்கம்பிகளுக்கு இந்த வைத்தியம் பலிக்காது, அவற்றை மட்டும் புதிதாக வாங்கினால் போதும்.

சுருதி யாருக்கு யார் சேர்ப்பது? இந்தக் குழுவில் இதற்கு ஒரே விடை, அக்கோர்டியனுக்கு. அதன் நாக்குகள் உலோகம், அரத்தால் தேய்த்தால்தான் சுருதி மாறும், இங்கே அதைச் செய்ய ஆளில்லை. ஐரோப்பிய அக்கோர்டியன்கள் பலவற்றைப்போல இதுவும் ஏ சுரத்தை 442 ஹேர்ட்ஸில் வைத்திருக்கிறது. கீபோர்ட் வாங்கியபடியே 440இல் இருந்தால் இரண்டுக்குமிடையில் 8 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் எட்டுப் பங்கு) இடைவெளி, நீண்ட சுரங்களில் அலை அலையாக அடிக்கும். கீபோர்டின் டியூனிங் பக்கத்தில் 442 ஆக்கி, போனில் உள்ள டியூனரையும் 442க்கு மாற்றி, அதற்கே கிட்டார்களைச் சேர்க்க வேண்டும். அக்கோர்டியனை வெயில் படும் யன்னலோரம் வைக்கவே கூடாது. நாக்குகளைப் பிடித்திருப்பது மெழுகு.

வெள்ளி

சத்தங்களின் அட்டவணை ஒன்று எழுதிச் சுவரில் ஒட்டியாகிவிட்டது. விடியல் பாங்கு, கோயில் மணி, ஆறு மணிக்குக் காகங்கள், மதியப் பாங்கு, மாலைப் பூசை, மாலையும் இரவும் பாங்கு. இன்று ஜும்ஆ, நானா பள்ளிக்குப் போய் வரும்வரை கொங்கோ இல்லை. குழுவின் மாஸ்டரும் பாடகரும் கோணேசர் கோயிலுக்குப் போகிறார்கள். காலை 9 முதல் 11.30, இரவு 8.30 முதல் 11, இந்த இரண்டு இடைவெளிக்குள்தான் டேக். இரவு வெட்டு அதற்குள் விழுந்தால் நல்லதே: ஊர் முழுக்க மின்விசிறியும் தொலைக்காட்சியும் நின்றுவிடுகின்றன, பற்றறியில் நாம் ஓடுகிறோம்.

பகல் ஓய்வில் பழைய இசைத்தொகுப்புகள் பற்றிப் பேச்சு. நெருக்கடிக்குள் தொகுப்புச் செய்த அனுபவசாலிக் குழுக்களில் சுவீடனின் ‘அப்பா’ (ABBA) குழுவை மாஸ்டர் நன்றாக அறிந்து வைத்திருக்கிறார். 1981இல் ஸ்டொக்ஹோமின் போலார் ஸ்ரூடியோவில் அவர்கள் தி விசிட்டர்ஸ் தொகுப்பைப் பதியும்போது குழுவிலிருந்த இரண்டு தம்பதிகளும் பிரிந்திருந்தார்கள். போதாததற்கு நடுவில் ஸ்ரூடியோ அனலொக் ரேப்பிலிருந்து 32 தட டிஜிற்றல் இயந்திரத்துக்கு மாறியது. முதல் மூன்று பாட்டு அனலொக்கில், மிச்சம் டிஜிற்றலில். ஒலிப்பொறியாளர் மைக்கேல் ட்ரெட்டோவுக்கு இரண்டு விதமான ஓசையையும் ஒன்றாகச் சேர்க்கும் வேலை. ஃபிளீட்வுட் மக் குழு 1976இல் ரூமர்ஸ் தொகுப்பைப் பதிந்தபோது உறவுகள் முறிந்தது ஒருபக்கம், ஒரே ரேப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டியதில் ட்ரம்ஸின் கூர்மையான ஓசை தேய்ந்துபோனது இன்னொரு பக்கம். அடிப்படை வாசிப்பை ஒரே நேரத்தில் பதிந்த இரண்டாவது ரேப் இருந்ததால் தப்பினார்கள். மேலே சேர்த்த வாசிப்புகளை இயந்திரத்தின் வேகத்தைக் கையால் கூட்டிக் குறைத்து, காதால் ஒத்துப் பார்த்து, அதற்கு மாற்றினார்கள்.

இங்கே இதன் பயன் நேரடியானது. 2019இன் மூன்று பாட்டும் 44.1 கிலோஹேர்ட்ஸில், அதாவது ஓசையை நொடிக்கு 44,100 தடவை அளந்து பதியும் வீதத்தில் உள்ளன. புது இன்ரபேஸ் தானாக 48இல் திறக்கிறது. 44.1 கோப்பை மாற்றாமல் 48இல் ஓட்டினால் வேகம் 8.8 சதவீதம் கூடி, சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைச் சுரம் ஏறிவிடும். தொகுப்பு முழுவதையும் 44.1 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் என்று ஒரே அளவில் வைத்திருப்பதே எளிது. பாதியில் எந்த முன்னேற்றமும் வேண்டாம்.

சனி

டேக் நாள். எட்டு உள்ளீட்டின் பங்கீடு: முன்பாட்டுக்கு ஒன்று. பின்பாட்டுக்காரர் இருவரும், முன்னும் பின்னும் கேட்கும் எட்டு வடிவ மைக் ஒன்றின் இருபுறமும். அக்கோர்டியனுக்கு 50 சென்ரிமீற்றர் தள்ளி ஒன்று, கிட்டவே வைத்தால் துருத்தி இழுபடும்போது ஓசை மைக்கை விட்டு ஓடும். கிட்டாருக்குப் பன்னிரண்டாம் கட்டைக்கு நேரே 20 சென்ரிமீற்றரில் ஒன்று, ஓட்டைக்கு நேரே வைத்தால் ஊதிக்கிடக்கும். பேஸ் டிஐயில். கொங்கோவுக்கும் பொங்கோவுக்கும் மேலே ஒன்று. கீபோர்ட் இரண்டு வயரில்.

ஆறு பேரும் ஒரே அறையில் என்றால் ஒருவர் ஓசை மற்றவர் மைக்கில் ஏறத்தான் செய்யும். அதைத் தடுக்க முயல்வதை விட அழகாக ஏற வைப்பது மேல். ஒரு மைக் தன் வாத்தியத்திலிருந்து இருக்கும் தூரத்தைப்போல் மூன்று மடங்காவது அடுத்த மைக் தள்ளி இருக்க வேண்டும். அமர்த்தியபின் ஒவ்வொரு தடத்தின் துருவத்தையும் மாற்றிக் கேட்டு, எது நிறைவாக இருக்கிறதோ அதில் விடுவது. அளவு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபல். 24 பிட்டில் அதற்கு மேல் தள்ளத் தேவையில்லை.

வேகத்தைக் கட்டிவைக்கக் காதில் ஓடவிடும் கிளிக் சத்தம் போடவில்லை. ஆறு-எட்டுத் தாளத்தில் இவர்கள் நிமிடத்துக்கு 116இல் தொடங்கிக் கடைசிச் சரணத்தில் 121 தொடுகிறார்கள். பைலாப் பாட்டின் உயிரே அந்த ஏற்றத்தில் இருக்கிறது. கிளிக் கொடுத்தால் கொங்கோ அதற்குப் பணிந்து, அக்கோர்டியன் பணியாமல், நடுவில் பேஸ் தவிக்கும். அதற்குப் பதிலாக நானா இரண்டு வட்டம் பொங்கோவில் எண்ணித் தொடக்குகிறார். ஒவ்வொரு டேக்கிலும் தொடக்க வேகத்தைப் போனில் தட்டி அளந்து எழுதிக்கொண்டால் போதும். இரண்டு டேக்குகளை ஒட்ட வேண்டி வந்தால், ஒட்டும் இடத்தில் வேக வித்தியாசம் ஒன்றுக்குள் இருந்தால்தான் காது ஏற்கும். நீண்டு ஒலிக்கும் சுரம் எதுவுமில்லாத வட்டத்தின் முதல் அடியில் வெட்ட வேண்டும்.

மூன்று டேக், பிறகு பிளேன்டீ. நான்காவதும் ஐந்தாவதும் பிழை குறைந்து வரும், மகிழ்ச்சியும் குறைந்து வரும். மின்விசிறி டேக்கின்போது நிற்பதால் உடல் தாங்குவதும் அவ்வளவுதான். லப்டொப்பின் அடப்டரை டேக்கின்போது கழற்றிவிட்டால் 100 ஹேர்ட்ஸ் இரைச்சல் போகும். ஆனால் பற்றறிக்கு மாறியவுடன் கணினி தன் வேகத்தைக் குறைத்து டிக்டிக் என்று வெடிப்புகள் போடும், பவர் அமைப்பை முதலே முழுவேகத்தில் பூட்டிவைக்க வேண்டும். வைஃபை, போன் எல்லாம் நிறுத்தம்.

இன்று மாலை கேட்ட இரண்டாவது டேக்கில் அக்கோர்டியனும் கொங்கோவும் ஒன்றையொன்று துரத்தும் இடம் இருக்கிறது. தனித்தனியாகப் பதிந்து அதை எடுக்கவே முடியாது. இந்தக் குழுவைப் பதிவதற்கு இதுதான் காரணம்.

ஞாயிறு

குரல்கள். முன்பாட்டுக்காரர் எழுபதைத் தொட்டவர். பழைய ஜி இன்று உச்சத்தில் கிழிகிறது, எஃப்பில் இறக்கினால் அவருடைய அடிக்குரலின் கனம் தெரிகிறது. இது அறைக்கும் நல்லது, அந்த 49 ஹேர்ட்ஸ் முழக்கம் பேஸின் தாய்ச் சுரமாக வருவதில்லை. கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் மைனஸ் 2. கிட்டாரை இரண்டு அரைச் சுரம் தளர்த்தினால் மெல்லிய கம்பிகள் தொய்ந்து இரையும், எனவே மூன்றாம் கட்டையில் காப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு டி மேஜர்க் கோட்களைப் பிடிப்பது சரியான வழி. அக்கோர்டியனுக்கு எஃப் இயல்பான இடம். ஒத்திகைக்கு முதலே இதைத் தீர்மானிக்காவிட்டால் விரல்கள் பழைய இடத்துக்கே ஓடும்.

செயற்கைப் பல் வைத்திருப்பவர்களின் ச, ஸ ஓசை 5 முதல் 8 கிலோஹேர்ட்ஸில் குத்தும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கொஞ்சம் மேலே உயர்த்தி, 30 பாகை சாய்த்து, 20 சென்ரிமீற்றர் தள்ளினால் பாதி அடங்கும், பிறகு மென்பொருளில் தொட வேண்டியது குறைவு. பாட்டுத் தாளைக் கையில் கொடுத்தால் சலசலப்பு, தலை குனிந்தால் தொண்டை ஒடுங்கும். பெரிய எழுத்தில் எழுதிக் கண் மட்டத்தில் ஒட்டினால் இரண்டும் தீரும். கச்சான் நாளில் இளஞ்சூட்டுத் தண்ணீர் அடிக்கடி வேண்டும். பால்மா தட்டுப்பாடு ஒரு விதத்தில் உதவி, பால் தேநீர் குடித்துவிட்டுப் பாடினால் தொண்டை பிசுபிசுக்கும். எழுந்த உடனே பாடக் கூடாது, பத்து மணிக்குப் பிறகே குரல் திறக்கிறது.

திங்கள்

எட்டுத் தடம், 24 பிட், 44.1 என்றால் மணித்தியாலத்துக்கு 3.8 கிகாபைற். இரண்டு எஸ்எஸ்டியிலும் பிரதி எடுத்து, கோப்பு அளவை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு பாட்டையும் திறந்து நடுவில் ஓடவிட்டுப் பார்த்தாகிவிட்டது. ஒன்று மாஸ்டரிடம், மற்றது ரயிலில். இணையத்தில் ஏற்றுவது சரிவராது, மின்வெட்டு நீண்டால் போன் கோபுரங்களும் தளர்கின்றன.

எதிரொலி இங்கேயே எடுத்தாகிவிட்டது. பின்விறாந்தையின் ஒரு முனையில் ஸ்பீக்கர், மறுமுனையில் சுவரைப் பார்த்தபடி மைக். பாட்டுத் தடத்தை 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டி ஸ்பீக்கருக்கு அனுப்பி, திரும்பி வருவதைத் தனித் தடத்தில் பதிவது. எழுபதுகளின் இசைத்தட்டு ஓசைக்கு இது எந்த மென்பொருளையும்விடக் கிட்ட வருகிறது.

இன்னும் பாட்டுகள் மிச்சம் இருக்கின்றன. பலகைத் தட்டுக்கு மேலே ஓட்டுக் கூரை. ஐப்பசியில் மாரி தொடங்கி ஓட்டில் மழை விழுந்தால் எந்த மைக்கும் வேலை செய்யாது. ஆகவே புரட்டாதி முடிவுக்குள் அவற்றையும் எடுத்துவிட வேண்டும், பற்றறியை அதுவரை இந்த வீட்டிலேயே சார்ஜில் விட்டுப் போகிறோம். வாரம் ஒருமுறை செல்களில் நீர்மட்டம் பார்த்துக் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் விடும்படி வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறது.